முடியை பாத்து பையனை எடை போடாதீங்க: ஒரு சலூன்காரன் எழுதுறேன்

சீப்பும்கத்திரியும் (திருச்சி):
வணக்கம்ங்க. உறையூர் பக்கம் சலூன் வச்சிருக்கேன், தாத்தா காலத்துல இருந்து எங்களுக்கு இதே தொழில்தான். போன வாரம் இங்க ஒருத்தர் பஸ் ஸ்டாப்புல நின்ன நாலு பசங்களை தூரத்துல இருந்து போட்டோ எடுத்து போட்டு "இதுங்க எல்லாம் எங்க உருப்பட போகுது"ன்னு எழுதியிருந்தாரு. கீழ பூரா ஆமாம் ஆமாம்னு கமெண்ட்டு, அந்த பசங்க யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு ஒருத்தர் கூட கேக்கல. சைடை ஒட்ட வழிச்சு மேல பங்க்கு விட்டு அதுல கலர் அடிச்சிருந்தாங்க, காதுக்கு மேல ரெண்டு கோடு, அவ்ளோதான். எனக்கு மனசே ஆறல. அந்த மாதிரி தலையை தினமும் வெட்டுறவன் நான், அதனால பாத்ததை சொல்லிடறேன்.

எங்கிட்ட அப்படி வெட்டிக்க வர்றவங்கள்ல பாதி பேரு வேலைக்கு போற பசங்க. டூவீலர் மெக்கானிக்கு, பெயிண்டரு, கறிக்கடை, கொரியரு. வாரம் பூரா முதலாளி குடுத்த சட்டை, இல்லன்னா கிரீஸ் படிஞ்ச பேண்ட்டு. ஞாயித்துக்கிழமை காலைல வந்து வரிசைல உக்காந்து முறை வந்ததும் போன்ல ஒரு படத்தை பெருசு பண்ணி காட்டுவான், "அண்ணே காதுகிட்ட ஜீரோல ஆரம்பிச்சு மேல போக போக கலந்து விடுங்க, கோடு மெல்லிசா ஒண்ணு போதும், நெத்தில கை வைக்காதீங்க"ன்னு அவ்ளோ தெளிவா சொல்லுவான். வீட்டுலயோ வேலை எடத்துலயோ அவனை யாராவது உனக்கு எப்படி வேணும்னு கேட்டிருப்பாங்களான்னு தெரியல, என் சேர்ல உக்காந்தா நான் கேக்குறேன். நல்ல ஷூவுக்கு மூவாயிரம் வேணும், பைக்குக்கு லட்ச ரூவா வேணும், தலைக்கு நூத்தம்பது இருந்தா ஆச்சு. இது நான்தான்னு காட்டிக்க அவன் கைக்கு எட்டுற காசுல வேற என்ன இருக்கு.

இன்னொண்ணு, அந்த வெட்டு சும்மா இல்ல. மெஷின் முனைல கார்டுன்னு ஒரு சீப்பு மாட்டுவோம், நம்பர் கூடுனா முடி நீளமா நிக்கும், அதுல நாலாம் நம்பர் போட்டு ஆரம்பிச்சு மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எறங்கி வரணும், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவுல வரி தெரியாம கலந்து விடறதுலதான் கைவேலையே. அதுக்கு முன்னாடி உச்சந்தலையில சுழி எங்க இருக்கு, எந்த பக்கம் சுத்துதுன்னு பாக்கணும், சுழிக்கு எதிரா ஒட்ட வெட்டிட்டா அந்த எடம் மட்டும் முள்ளு மாதிரி தூக்கிட்டு நிக்கும். ரெட்டை சுழி பசங்க நெறைய வருவாங்க, ரெண்டு பொண்டாட்டின்னு சின்ன வயசுல இருந்து கிண்டல் பண்ணியிருப்பாங்க, அதனால அங்க கொஞ்சம் நீளமா விட்டு மறைக்க சொல்லுவான். ஒருத்தன் மட்டும் "அண்ணே ரெண்டு சுழியும் நல்லா தெரியற மாதிரி வெட்டுங்க"ன்னான். முடிச்சதும் பின்னாடி கண்ணாடிய புடிச்சு காமிச்சேன், அவனே போன வாங்கி போட்டோ எடுத்துக்கிட்டான்.

இந்த பயம் இன்னிக்கு வந்தது இல்லீங்க. என் தாத்தா காலத்துல குடுமிய எடுத்து கிராப்பு வச்சவனை வீட்டுக்குள்ள விடாத குடும்பம் இருந்திருக்கு. பாரதியார் காசில இருக்கும்போது குடுமிய எடுத்துட்டு மீசை வச்சு தலைப்பாகை கட்டுனாரு, அவரு பொறந்த வகுப்புல அது எவ்ளோ பெரிய விஷயம்னு பெரியவங்களுக்கு தெரியும், இன்னிக்கு அந்த மீசையும் தலைப்பாகையும் இல்லாம அவரை நம்மால நெனச்சு பாக்கவே முடியாது. அப்புறம் பாகவதர் கிராப்பு வந்துச்சு, பின்னாடி கழுத்து வரைக்கும் வாரி விட்டுக்கிட்டு ஊர்ல பாதி பேரு திரிஞ்சாங்களாம். எங்கப்பா கடையில நின்ன காலத்துல ஹிப்பி, ஸ்டெப் கட்டிங், அப்புறம் டிஸ்கோ. ஒவ்வொரு தடவையும் எவனாவது ஒரு அப்பா பையன் காதை புடிச்சு இழுத்துட்டு வந்து "இவனுக்கு போலீஸ் கட்டிங் போட்டு விடு"ன்னு நிப்பாரு. அன்னிக்கு ஸ்டெப் கட்டிங்குக்கு அடி வாங்குனவருதான் இன்னிக்கு தன் பையனை இழுத்துட்டு வர்றாரு, ஆளு எனக்கு தெரியும்.

உங்க தலைமுடியை வச்சு உங்களை யாராவது எடை போட்டாங்களா, நீங்க அதை வச்சு எதையாவது சொல்ல நெனச்சீங்களா, எழுதுங்க.

சாக்பீஸ் (விழுப்புரம் மாவட்டம்):
அண்ணே நான் அரசுப்பள்ளி ஆசிரியர், மேல்நிலை வகுப்பு எடுக்கறேன். உங்க மனசு புரியுது ஆனா இந்த பக்கத்தையும் கேளுங்க. ஒரு பையன் தலைல கோடு போட்டு வந்தா அது அவனோட தனி விருப்பம்னு எனக்கு தெரியும், ஆனா எங்க ஸ்கூல்ல அது பெரும்பாலும் அப்படி வர்றதில்ல, எந்த தெரு செட்டு, எந்த அண்ணன் பின்னாடி சுத்துறான்னு காட்டற அடையாளமா வருது. ஒரே மாதிரி வெட்டுன எட்டு பேரு ஒரு பக்கம், வேற மாதிரி வெட்டுன ஏழு பேரு இன்னொரு பக்கம், சண்டை எங்க ஆரம்பிக்கும்னு எங்களுக்கு தெரியும். ஒன்பதாவது படிக்கிற சின்ன பையன் அவனுக்கு இஷ்டமோ இல்லையோ அந்த கட்டிங் வச்சே ஆகணும்னு ஒரு நெருக்கடி இருக்கு. அதையும் சுதந்திரம்னு சொல்ல முடியுமா?

அப்புறம் பெத்தவங்களே வந்து "சார் நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறான், நீங்க கண்டிங்க"ன்னு கைய புடிக்கிறாங்க. கண்டிச்சா தப்பு, கண்டிக்கலன்னா பொறுப்பில்லாத வாத்தியார். ஆனா ஒண்ணு, கிளாஸ்லயே கத்திரிய எடுத்து வெட்டறது, எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு மெஷின் ஓட்டறது, அதுக்கு நான் எப்பவுமே எதிர்ப்புதான். ஸ்டாஃப் ரூம்ல இதுக்காக சண்டை போட்டிருக்கேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவுலயே உடல் ரீதியான தண்டனையும் மன உளைச்சலும் குடுக்க கூடாதுன்னு இருக்கு, பாதி தலையை வழிச்சு அனுப்பறதை வேற என்னன்னு சொல்றது.

வியாசை10ஆம்நம்பர் (சென்னை):
சார் செட்டுன்னு சொல்றீங்களே அது செட்டுதான், நாங்க ஒரே டீமு. ஃபுட்பால் ஆடறோம், மேட்சுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே கடைல ஒரே மாதிரி வெட்டிப்போம். 2002 வேர்ல்டு கப்புல ரொனால்டோ நெத்திகிட்ட மட்டும் அரைவட்டமா விட்டுட்டு மீதியை வழிச்சுக்கினு வந்தாரே, எங்க ஏரியால அண்ணனுங்க அப்பவே அதை வெட்டிக்கினு ஆடுனாங்களாம். அவரு ஏன் அப்டி வெட்டுனாருன்னா எல்லாரும் அவரு கால்ல பட்ட அடியை பத்தியே பேசிக்கினு இருந்தாங்க, பேச்சை மாத்தறதுக்குதான்னு அவரே சொன்னாரு. அந்த கப்பை ஜெயிச்சும் குடுத்தாரு ஃபைனல்ல ரெண்டு கோலு.

போலீஸ் அண்ணனுங்க நைட்டு நிறுத்துனா மொதல்ல பாக்கறது வண்டி ஆர்சி இல்ல, தலைதான். அதே தலைய வச்சுக்கினு அண்ணா நகர்ல ஒரு பையன் கார்ல போனா ஸ்டைலுன்றாங்க. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், பிகாம். இத யாருக்கு ப்ரூவ் பண்ணணும்னு தெரில.

மருதாணி_வேண்டாம் (மதுரை):
பையன்களை பத்தியே பேசிட்டு இருக்கோம். பொம்பளைங்க தலைமுடி யாருக்கு சொந்தம்னு கேட்டா பதிலே வராது. பள்ளிக்கூடத்துல ரெட்டை ஜடை போட்டு மடிச்சு ரிப்பன் கட்டணும், காலேஜ்ல ஃப்ரீ ஹேர் விட்டா "பேய் மாதிரி விரிச்சு போட்டுட்டு வராத", கல்யாணத்துக்கு சவுரி வச்சு பூ ஜடை, அப்புறம் பாப் வெட்டுனா திமிரு புடிச்சவ. ஒரு ராணி கூந்தலுக்கு இயற்கையிலயே மணம் இருக்கா இல்லையான்னு பாண்டியன் சபையே கூடி விவாதம் பண்ண கதை எங்க ஊரு கதை, அந்த ராணிகிட்ட யாரும் கேட்ட மாதிரி கதையில வரல.

ஆனா அதே ஊருக்குத்தான் கண்ணகி விரிச்ச கூந்தலோட வந்து ராஜா முன்னாடி நின்னா. பாஞ்சாலி சபையில முடிய பிடிச்சு இழுத்தாங்க, ரத்தத்தை பூசாம முடிய மாட்டேன்னு சபதம் போட்டா. கோவத்தை கூந்தல்ல காட்டுறது நம்ம பொம்பளைங்களுக்கு புதுசு இல்ல. பெண்களும் கிராப்பு வெட்டிக்கணும்னு பெரியார் எத்தனையோ மேடையில பேசிட்டு போயிட்டாரு, கேட்டு கை தட்டுன வீடுகள்ல எத்தனை பேரு பொண்ணுக்கு வெட்டி விட்டாங்கன்னு தேடணும்.

என் விஷயம் நரை. எனக்கு முப்பது தாண்டுனதுமே நரைக்க ஆரம்பிச்சுருச்சு, டை அடிச்சுட்டு இருந்தேன். ஒரு கட்டத்துல நெத்தி ஓரமா, காதுக்கு பின்னாடி எல்லாம் தடிச்சு நீர் கோத்துருச்சு. டாக்டர் பாத்துட்டு கருப்பு டையில இருக்குற பிபிடின்னு ஒரு கெமிக்கல் ஒத்துக்கல, இனிமே தொடவே கூடாதுன்னுட்டாங்க. விட்டுட்டேன். இப்ப முன்னாடி ஒரு பட்டை முழு வெள்ளை, பின்னாடி கலந்து. மதுரை கல்யாண வீடுகள்ல இது என்ன பாடு படுத்துதுன்னு சொல்ல முடியாது, "ஏன் இப்படி வயசான மாதிரி, வீட்டுக்காரர் எப்படி விட்டாரு". 2011ல மங்காத்தாவுல அஜித் நரைச்ச தலையோட வந்தப்ப சால்ட் அண்ட் பெப்பர்னு கொண்டாடுன அதே ஆளுங்க! ரஜினி சினிமாவுக்கு வெளிய விக்கு இல்லாம வழுக்கையோட வந்து நிக்கிறாரு, எவ்ளோ எளிமைன்னு கை எடுத்து கும்பிடுறோம். நான் நரையோட வந்தா மட்டும் ஏதோ வீட்டுல கஷ்டம்னு நெனச்சுக்கிறாங்க.

நான் பேங்க்ல வேலை பாக்குறேன். நரை வந்ததுக்கு அப்புறம் கவுண்டர்ல பேசுற பேச்சை ஆளுங்க நின்னு கேக்குறாங்க. அதையும் சொல்லிடணும்.

லிட்டில்இந்தியா_மாமா (சிங்கப்பூர்):
நான் இங்கயே பிறந்து வளந்தவன். சாக்பீஸ் சார் சொன்னதை படிச்சதும் எங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. இங்க 1970கள்ல ஆண்கள் முடி வளக்குறதுக்கு எதிரா அரசாங்கமே இயக்கம் நடத்துச்சு. அரசாங்க அலுவலகங்கள்ல போஸ்டர் தொங்கும், நீளமா முடி வச்ச ஆண்களுக்கு கடைசியாத்தான் கவனிப்புன்னு. எது நீளம்னும் படம் போட்டு காட்டியிருப்பாங்க: நெத்தியில விழுந்து புருவத்தை தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, பின்னாடி சட்டை காலருக்கு கீழ எறங்கக்கூடாது. 1972ல லெட் செப்பலின் இசைக்குழு இங்க வாசிக்க முடியாம போனதுக்கே அவங்க முடிதான் காரணம். ஹிப்பின்னா போதைப்பொருள், போதைப்பொருள்னா நாடு கெட்டுப்போகும், அப்படி ஒரு கணக்கு.

அப்பா அப்ப ஹார்பர்ல வேலை, சுருட்டை முடி, காது மேல கொஞ்சம் விழும். வரிசையில முன்னாடி நின்னாலும் கடைசியா கூப்பிடுவாங்கன்னு சொல்லுவார். போதைப்பொருள் பக்கமே போகாத மனுஷன், காலையில எழுந்து தேவாரம் பாடுறவர். ஆனா ஒரு விஷயம், அவர் கடைசி வரைக்கும் அந்த சட்டத்தை திட்டினதில்லை, நாடு சின்னது, பயம் இருந்துச்சுன்னு சொல்லுவார். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஒருத்தன் காலர் நீளத்தை அளந்து அவன் நாட்டுப்பற்றை முடிவு பண்ற நாடு எதுக்கோ பயந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஊர்பேர்வேணாம்:
எல்லாரும் ஸ்டைல பத்தி பேசறீங்க. எங்க ஊர்ல நான் ஸ்டைலா வெட்டணும்னு ஆசைப்பட்டா மொதல்ல சலூன்ல உக்கார விடணும். ஊருக்குள்ள ரெண்டு கடை இருக்கு, எங்க தெரு ஆளுங்களுக்கு வெட்ட மாட்டாங்க, நேரா மாட்டேன்னு சொல்றதில்ல, ஆளு இருக்கு, மெஷின் ரிப்பேரு, சாயங்காலம் வா, இப்படித்தான். நாங்க பஸ் ஏறி டவுனுக்கு போய் வெட்டிட்டு வருவோம். டவுன் கடைல வெட்டுனதால எங்க கட்டிங் ஊர் பசங்க கட்டிங்கை விட நல்லா இருக்கும், அதுக்கும் ஒரு பேச்சு, "அவனுகளுக்கு வந்த வாழ்வ பாரு".

மீசையும் அப்படித்தான். முறுக்கி விட்டதுக்கு அடி வாங்குன சொந்தக்காரங்க இருக்காங்க. வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல 2015 திருத்தத்துல கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கறதையும் மீசைய எடுக்கறதையும் தனியா குற்றம்னு எழுதி வச்சாங்க, எதுக்கு எழுதி வச்சாங்கன்னு யோசிங்க, நடக்காத ஒண்ண யாரும் சட்டத்துல எழுத மாட்டாங்க.

அண்ணே நீங்க சலூன்காரர், உங்ககிட்டயே கேக்கறேன். உங்க கடைல எல்லாருக்கும் வெட்டுவீங்களா?

சீப்பும்கத்திரியும் (திருச்சி):
தம்பி, வெட்டுவேன். வெட்டிட்டு இருக்கேன். டவுன்ல கடை இருக்கறதால அது எனக்கு சுலபம்னும் தெரியும். எங்க சொந்தக்காரங்க கிராமத்துல கடை வச்சிருக்காங்க, அங்க கடை எடம் ஊர் பெரிய வீட்டுக்காரங்களோடது, உங்க தெரு ஆளுக்கு வெட்டுனா மறுநாளு காலி பண்ண சொல்லிடுவாங்க, எங்க ஆளுங்களையே அந்த ஊர்ல வாசப்படி தாண்ட விட மாட்டாங்க. அதை நியாயப்படுத்த சொல்லல, மாட்டேன்னு சொல்றது குத்தம்தான், சட்டப்படியும் குத்தம். என் மச்சான் ஒருத்தன் இதுக்காகவே ஊரை விட்டு வந்து மெயின் ரோட்டுல கடை போட்டான், அங்க யாரு வந்தாலும் உக்காரலாம், கூட்டம் நல்லா இருக்கு. நீங்க திருச்சி பக்கம் வந்தா நேரா கடைக்கு வாங்க.

வியாசை தம்பி, உங்க ஆர்சி விஷயம் படிச்சு கஷ்டமா போச்சு. சாக்பீஸ் சார் சொல்ற நெருக்கடியும் உண்மைதான், நண்பன் இழுத்துட்டு வந்து உக்கார வச்ச சின்ன பையனை பாத்தா தெரியும், மெஷின் சத்தம் கேட்டதும் தோளு ரெண்டும் தூக்கிக்கும். அவனுக்கு நான் லைட்டா வெட்டி அனுப்பிடுவேன், "அடுத்த மாசம் வா, வேணும்னா பாத்துக்கலாம்"னு. ஆனா சார், எட்டு பேரு ஒரே மாதிரி வெட்டுனா அது செட்டுன்னா, மிலிட்டரில ஆயிரம் பேரு ஒரே மாதிரி வெட்டறாங்க, ஐயப்ப சாமிங்க ஒரே மாதிரி தாடி வளக்கறாங்க, நாம அதை மதிக்கறோம். கூட்டமா சேந்து ஒரு அடையாளம் வச்சுக்கறது எல்லா மனுஷனுக்கும் உள்ள ஆசை, இந்த பசங்க வச்சா மட்டும் எதுக்கு பயம்?

சாக்பீஸ் (விழுப்புரம் மாவட்டம்):
அந்த சண்டையில நடுவுல நின்னு விலக்கி விடறவன் நான்ங்கறதால பயம் அண்ணே. மண்டை உடைஞ்ச பையனை ஆட்டோல தூக்கிட்டு ஓடுனவன் வேற மாதிரி பேச முடியாது. முடி காரணம் இல்ல, ஒத்துக்கறேன், முடிய வெட்டிட்டா சண்டை நிக்கவும் போறதில்ல. ஆனா ஸ்கூலுக்குள்ள ஒரு அளவு வேணும்னுதான் இன்னும் நெனைக்கறேன், அந்த அளவை பசங்களையும் உக்கார வச்சு பேசி முடிவு பண்ணா போதும்.

பனைஓலை (ஸ்காபரோ, கனடா):
நான் யாழ்ப்பாணம். எங்கட பள்ளிக்கூடத்தில ரெட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டாட்டி கேற்றிலயே மறிச்சுப் போடுவினம். வெள்ளிக்கிழமையில அம்மம்மா நல்லெண்ணெய் வைச்சு தோய வார்த்து சாம்பிராணிப் புகை பிடிச்சு விடுவா, முதுகு முழுக்கத் தலைமயிர் எனக்கு, ஊரில என்னை அதை வைச்சுத்தான் அடையாளம் சொல்லுவினம். "நீளத் தலைமயிர்ப் பெட்டை". என்ர பேர் தெரியாதவை கூட.

இங்க வந்து வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு ஒரு நாள் போய் முழுக்கக் கட்டையா, விரலுக்கை பிடிபடாத அளவுக்கு வெட்டினனான். ஒருத்தரும் சொல்லேல்லை, வருத்தமும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை. எனக்கு என்ர முகத்தைப் பாக்கோணும் போல இருந்தது, அவ்வளவுதான். அம்மா வீடியோவில பாத்திட்டு முதல் கேட்டது "ஆருக்குப் பிள்ளை என்ன நடந்தது?" எண்டுதான். எங்கட சனத்துக்கு ஒரு பொம்பிளை தலைமயிரை இழக்கிறதெண்டால் செத்தவீடு இல்லாட்டி வருத்தம், இல்லாட்டி நேர்த்திக்கடன். சும்மா விருப்பத்துக்கு வெட்டினதெண்டு சொன்னால் விளங்கிறதுக்கு இடமே இல்லை.

இங்க என்னோட வேலை செய்யிற கறுப்பினப் பிள்ளை ஒண்டு தன்ர தலைமயிரைப் பற்றிச் சொல்லும், இன்டர்வியூவுக்குப் போகேக்கை சுருட்டையை அப்பிடியே விரிச்சு விடுற ஆஃப்ரோவோட போறதா நேராக்கிக்கொண்டு போறதா எண்டு இரவிரவா யோசிச்சதாம். அமெரிக்காவில 2019இல கலிபோர்னியா முதன்முதலா கிரவுன் ஆக்ட் எண்டு சட்டம் கொண்டு வந்தது, இயற்கையான முடி, பின்னல், லொக்ஸ் எண்டு சொல்லுற திரிச்ச சடை இதுகளை வைச்சுப் பள்ளிக்கூடத்திலயோ வேலையிலயோ ஆக்களை ஒதுக்கக் கூடாதெண்டு. அதுக்குப் பிறகு வேற கன மாநிலங்களும் கொண்டு வந்திட்டினம். தலையில தானா முளைக்கிறதுக்குச் சட்டம் வேண்டிக் கிடக்கு எண்டு அவள் சொல்லேக்கை எனக்கு எங்கட சுருட்டைத் தலைப் பிள்ளையள்தான் ஞாபகம் வந்தது, "பரட்டை" எண்டு சொல்லிச் சொல்லியே அதுகளைக் கூனப் பண்ணிப் போட்டம்.

மருதாணி_வேண்டாம் (மதுரை):
பனைஓலை தங்கச்சி, "எனக்கு என்ர முகத்தைப் பாக்கோணும் போல இருந்தது" இதை படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன். எங்க பாட்டியோட அம்மாவுக்கு சின்ன வயசுலயே புருஷன் செத்ததும் தலைய மழிச்சுட்டாங்க, கடைசி வரைக்கும் மாசா மாசம் மழிச்சுக்கணும். ஒரே மொட்டைதான், அவங்களுக்கு அது தண்டனை, உங்களுக்கு விடுதலை. யாரு முடிவு பண்ணாங்கங்கறதுலதான் எல்லாமே.

கூவாகம்_நிலா:
அண்ணா உங்க பதிவுக்கு நன்றி. நான் திருநங்கை. எங்க சமூகத்துல யாரை கேட்டாலும் சொல்லுவாங்க, சேலை கட்டறதுக்கு எல்லாம் முன்னாடியே ஆரம்பிக்கறது முடிதான். துண்டை தலைல கட்டிட்டு ஜடைன்னு நெனச்சு ஆடுன வயசுல இருந்து. பதினொண்ணாவது படிக்கும்போது காதுக்கு கீழ வரைக்கும் வளத்தேன், வீட்டுல கேட்டா வேண்டுதல்னு சொன்னேன், சாமி பேரை சொன்னா விட்டுடுவாங்கன்னு தெரியும். விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு என் அண்ணனும் சித்தப்பாவும் கைய புடிச்சுக்கிட்டு வெட்டி விட்டாங்க. சமையல்கட்டு கத்திரிக்கோல், மீன் வெட்டறது. அடிச்சது கூட மறந்துடுச்சு.

2014ல உச்சநீதிமன்றம் திருநங்கைகள் உரிமை பத்தின நல்சா தீர்ப்புல சொல்லுச்சு, ஒருத்தர் தன்னோட பாலினத்தை உடையால, பேச்சால, நடவடிக்கையால வெளிக்காட்டறது கருத்துரிமைக்குள்ளயே வரும்னு. அந்த வரிய படிச்சப்ப எனக்கு என் முடிதான் ஞாபகம் வந்துச்சு. இப்ப இடுப்புக்கு கீழ இருக்கு. பூ வச்சா நாலு முழம் வேணும்.

பார்லருக்கு போனா கதவுகிட்டயே நிறுத்துன எடங்களும் இருக்கு, அதனால நானே மேக்கப்பும் ஹேர் டிரெஸ்ஸிங்கும் கத்துக்கிட்டேன், இப்ப மணப்பொண்ணுங்களுக்கு ஜடை அலங்காரம் பண்ணி விடறேன். ஊர்பேர்வேணாம் தம்பி, நீங்க சொன்ன பஸ் பயணம் எனக்கு நல்லா தெரியும்.

சீப்பும்கத்திரியும் (திருச்சி):
நிலா, கத்திரிய பத்தி நீங்க எழுதுனதை படிச்சதும் கை ஓடல. எங்க தொழில்ல ஒருத்தர் தலைல கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி கழுத்துல துணிய கட்டிட்டு ஒரு வார்த்தை கேப்போம், வெட்டலாமான்னு. எங்கப்பா சின்ன கொழந்தைக்கு மொட்டை போடும்போது கூட கேட்டுட்டுதான் தண்ணிய தொடுவாரு. கேக்காம வெட்டுனா அது அடிதடிதான்.

நீங்க ஜடை அலங்காரம் பண்றது எனக்கு ரொம்ப சந்தோஷம். போட்டோ இருந்தா போடுங்க.

ஈரோடு_அம்மா:
எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, எனக்கு ஒரு சின்ன கேள்வி சலூன்கார அண்ணாகிட்ட. பையன் பதினொண்ணாவது. நல்ல சுருட்டை முடிங்க, அவங்க தாத்தா மாதிரியே. அவனுக்கு அதை நீளமா விடணும், பொன்னிறத்துல கலர் வேற பண்ணணும்ங்கறான். ஸ்கூல்ல திங்கக்கிழமைக்குள்ள வெட்டலன்னா உள்ள விட மாட்டோம்னு டைரில எழுதி குடுத்துட்டாங்க. அவங்கப்பா மொட்டையே அடிச்சு விட்டுடறேன்னு நிக்கறாரு. பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலீங்க. நான் அவன்கிட்ட கேட்டேன், ஏன்டா கண்ணு இதுல இவ்ளோ பிடிவாதம்னு. "அம்மா, கிளாஸ்ல எல்லாரும் மார்க்கை வச்சுதான் என்னை பேசறாங்க, இதை பத்தி மட்டும்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க"ங்கறான். கலர் சொந்தமா வீட்டுலயே பண்ணிக்கறேன்னு ஏதோ ஒரு பவுடரு வாங்கி வச்சிருக்கான், எனக்கு பயமா இருக்குங்க.

வியாசை10ஆம்நம்பர் (சென்னை):
அம்மா மொட்டை மட்டும் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க ப்ளீஸ். தோனி வேர்ல்டு கப் ஜெயிச்சிட்டு அடிச்சிக்கினாரு, அது அவரா அடிச்சிக்கினது. 2006ல லாகூர்ல பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபே அவரு நீள முடிய பாத்துட்டு வெட்டாதீங்கன்னு மேடைலயே சொன்னாரு, அவரு வளத்ததும் அவரு இஷ்டம் வெட்டுனதும் அவரு இஷ்டம்.

சீப்பும்கத்திரியும் (திருச்சி):
ஈரோடு தங்கச்சி, மொதல்ல அந்த பவுடரை எடுத்து ஒளிச்சு வைங்க. நம்ம கருப்பு முடில பொன்னிறம் வரணும்னா நேரா கலர் புடிக்காது, ப்ளீச் பண்ணி முடிக்குள்ள இருக்கற கருப்பை எடுக்கணும். அந்த பவுடரோட ஒரு டெவலப்பர் கலக்குவாங்க, ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 வால்யூம்னா 6 சதவீதம், 30னா 9, 40னா 12. யூடியூப் பாத்துட்டு சீக்கிரம் வெளுக்கட்டும்னு 40ஐ வாங்கி வேரோட அப்பிட்டு தலைத்தோல் வெந்து வந்த பசங்களை நான் பாத்திருக்கேன். சுருட்டை முடி இயற்கையிலயே வறண்டது, வேர்ல ஊறுற எண்ணெய் அந்த வளைவுல எறங்கி நுனி வரைக்கும் போகாது, அதுல ப்ளீச் போட்டா சுருளே தளந்து நார் நாரா போயிடும். இதை நீங்க சொன்னா கேக்க மாட்டான், நான் சொன்னேன்னு சொல்லுங்க: அவன் ஆசைப்படறது அந்த சுருள்னா கலர் அதை கெடுத்துடும். பன்னெண்டாவது முடிச்சதும் நல்ல எடத்துல, 48 மணி நேரம் முன்னாடி காதுக்கு பின்னாடி ஒரு பொட்டு வச்சு அலர்ஜி பாத்துட்டு, நுனில மட்டும் பண்ணிக்கலாம்.

இப்ப வெட்டு. மொட்டை வேண்டவே வேண்டாம்ங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மாதிரிதான் வளரும், அந்த சுருள் திரும்ப சுருண்டு விழ ஆறு மாசத்துக்கு மேல ஆகும், அந்த ஆறு மாசமும் அவன் அப்பாவை கண்ணாடில பாத்துட்டு இருப்பான்.

சலூன்ல இப்படி சொல்லுங்க. பின்னாடியும் சைடும் நாலாம் நம்பர்ல, கீழ கழுத்துகிட்ட மட்டும் மூணு. காது முழுசா தெரியட்டும், காலருக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி. ஸ்கூல்ல பாக்கறது இந்த ரெண்டு எடம்தான், சாக்பீஸ் சாரும் ஒத்துக்குவாரு. மேல சுருள்ல மெஷினே வைக்க கூடாது, கத்திரிதான், ஈரம் பண்ணாம காஞ்ச முடிலயே ஒவ்வொரு சுருளா தூக்கி நுனிய மட்டும் எடுக்கணும். சுருட்டை முடி ஈரத்துல நீளமா தெரியும், காஞ்சா மேல ஏறிக்கும், ஈரத்துல வெட்டுனா நெனச்சதை விட குட்டையா போயிடும். முடி அடர்த்திய குறைக்கற பல்லு வச்ச தின்னிங் கத்திரிய எடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, சுருட்டைல அது பிசிறு கெளப்பும். நெத்தில புருவத்துக்கு ஒரு விரல் மேல நிறுத்த சொல்லுங்க, உச்சில எவ்ளோ வேணுமோ அவ்ளோ இருக்கட்டும். ஸ்கூலுக்கு போகும்போது லேசா தண்ணி தொட்டு பின்னாடி தள்ளிவிட்டுக்கட்டும், சாயங்காலம் வந்து உதறி விட்டா சுருள் எறங்கிடும். சீப்பு வேணாம், விரல்தான்.

அவங்கப்பாவையும் கூட அனுப்பி வைங்க. பையன் பக்கத்துல பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும், தாத்தாவோட முடின்னு சொன்னீங்கல்ல, அது அவரோட அப்பா முடியா உங்க அப்பா முடியான்னு தெரியல, எதுவா இருந்தாலும் சொல்லி அனுப்புங்க. செவ்வாக்கிழமை பெரும்பாலும் கடை லீவு, ஞாயித்துக்கிழமை கூட்டம், பொறுமையா வெட்ட மாட்டாங்க. திங்கக்கிழமைதான் கெடுன்னா நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கே போயிடுங்க.